அத்தியாயம் 6: குறைந்த கான்ட்ராஸ்ட் தீம் – மென்மை பின்னணிக்கு, தெளிவு எழுத்துக்கு

எடிட்டரும் டெர்மினலும்தான் தொழில் என்று ஆனவர்களுக்கு விழித்திருக்கும் நேரத்தில் பாதி அந்த இரண்டு ஜன்னல்களுக்குள் கழிகிறது. கன்னங்கரிய திரையில் பளீரென்ற வெள்ளை எழுத்தைக் காலையிலிருந்து மாலை வரை பார்த்தால் கண் கூசத்தான் செய்யும். இருட்டறையில் வெள்ளைத் திரையைத் திறந்தாலும் அதே தொல்லை. இந்தக் கூச்சத்தைத் தணிக்கத்தான் குறைந்த கான்ட்ராஸ்ட் தீம்கள் பிறந்தன.

ஆனால் பலர் தீம் தேர்ந்தெடுப்பது ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்து. படத்தில் அழகாகத் தெரிந்த மங்கல், மதியம் மூன்று மணிக்கு ஜன்னலோர மேசையில் கமெண்ட் வரிகளை விழுங்கிவிடுகிறது. கூச்சம் போய், உற்றுப் பார்க்கும் சிரமம் வந்து சேர்கிறது. இரண்டும் ஒரே கண்ணுக்குத்தான் வலி.

இந்த அத்தியாயம் சொல்லவரும் விதி ஒன்றுதான்: மென்மை வேண்டுமென்றால் பின்னணியைச் சற்று வெளுக்க வையுங்கள், எழுத்தை மங்க வைக்காதீர்கள். இந்த விதி ஏன் சரி என்பதையும், அதை எடிட்டரிலும் டெர்மினலிலும் எப்படிச் செயல்படுத்துவது என்பதையும் வரிசையாகப் பார்ப்போம்.

1. கான்ட்ராஸ்ட்டை எண்ணாகப் பார்ப்பது

'இதமாக இருக்கிறது' என்பது ஆளுக்கு ஆள் மாறும். அளந்து பார்க்க ஓர் எண் வேண்டும். வலைத் தரவிதிகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2008-இல் வெளியிட்ட அணுகல்தன்மை வழிகாட்டுதல்களில் அதற்கான சூத்திரம் இருக்கிறது. இரண்டு நிறங்களின் ஒளிர்வையும் 0 முதல் 1 வரையிலான அளவில் கணக்கிட வேண்டும். இரண்டோடும் 0.05 கூட்டி, பெரியதைச் சிறியதால் வகுக்க வேண்டும். இரண்டும் ஒரே நிறமானால் விடை 1. சுத்தக் கறுப்பும் சுத்த வெள்ளையும் ஆனால் 21. சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5, பெரிய எழுத்துக்கு 3, கண்டிப்பான தரத்துக்கு 7 என்று அந்த ஆவணம் வரையறுக்கிறது. இந்தக் கணக்கைப் போட்டுத்தரும் இலவசக் கருவிகள் நிறைய உண்டு. பிரவுசர்களின் டெவலப்பர் பகுதியிலேயே கிடைக்கிறது.

ஒளிர்வைக் கணக்கிடும்போது மூன்று முதன்மை நிறங்களுக்கும் சம மதிப்பு இல்லை. பச்சைக்கு ஏறக்குறைய 71.5 சதவீதம், சிவப்புக்கு 21.3, நீலத்துக்கு வெறும் 7.2. நம் கண் அப்படித்தான் ஒளியை உணர்கிறது. கறுப்புத் திரையில் கருநீல எழுத்து கண்ணுக்கே அகப்படாமல் போவதற்குக் காரணம் இதுதான். விண்டோஸ் கன்சோலின் பழைய கருநீலம் சிவப்பு 0, பச்சை 0, நீலம் 128. கறுப்பின் மேல் அதன் கான்ட்ராஸ்ட் 1.3 மட்டுமே. மைக்ரோசாஃப்ட் 2017-இல் இயல்பு நிறங்களைத் திருத்தியபோது அந்த நீலம் 0, 55, 218 ஆனது. கான்ட்ராஸ்ட் இரண்டைத் தாண்டியது. பச்சையில் சேர்த்த 55-க்கும் அதில் கணிசமான பங்கு உண்டு. (இந்த அத்தியாயம் முழுக்க நிறங்களைச் சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் 0 முதல் 255 வரையிலான எண்களில் தருகிறேன்.)

ஓர் எச்சரிக்கை. இந்தச் சூத்திரம் இருண்ட நிறங்கள் சேரும் இடத்தில் கான்ட்ராஸ்ட்டைச் சற்று மிகையாகக் காட்டும். வெளிர் பின்னணியில் 4.5 தரும் தெளிவை இருண்ட பின்னணியில் அதே 4.5 தராது. இருண்ட தீம் வைத்திருப்பவர்கள் குறைந்தபட்ச எண்ணோடு நின்றுவிடாமல் கொஞ்சம் மேலே வைத்துக்கொள்வது நல்லது.

2. மென்மைக்கு இரண்டு வழிகள்: ஜென்பர்ன், சோலரைஸ்டு

குறைந்த கான்ட்ராஸ்ட் என்றதும் நினைவுக்கு வரும் பெயர்கள் இரண்டு. ஒன்று, யானி நுர்மினென் விம் எடிட்டருக்காக 2000-களின் தொடக்கத்தில் உருவாக்கிய ஜென்பர்ன். மற்றொன்று, ஈதன் ஸ்கூனோவர் 2011-இல் வெளியிட்ட சோலரைஸ்டு. இரண்டையும் ஒரே பட்டியலில் சேர்த்துவிடுகிறோம். ஆனால் இரண்டும் மென்மையை அடையும் வழி நேர் எதிரானது.

ஜென்பர்ன்னின் பின்னணி 63, 63, 63. இது கறுப்பு இல்லை, நன்றாக வெளுத்த சாம்பல். எழுத்தோ 220, 220, 204; லேசாக மஞ்சள் தட்டிய வெள்ளை. இரண்டுக்கும் இடையே கான்ட்ராஸ்ட் 7.6. 'குறைந்த கான்ட்ராஸ்ட்' என்று பெயரெடுத்த இது கண்டிப்பான தரமான 7-ஐயே தாண்டுகிறது. மென்மை முழுவதும் பின்னணியிலிருந்து வருகிறது.

சோலரைஸ்டு வேறு வகை. 16 நிறங்கள்: எட்டு சாம்பல் வகைகள், எட்டு வண்ணங்கள். ஸ்கூனோவர் அவற்றை சிஐஇ லேப் என்னும் நிறவெளியில் அளந்து வைத்தார். மனிதக் கண் உணரும் வெளிச்சத்தை 0 முதல் 100 வரை ஒரே சீராகப் பிரிக்கும் அளவுகோல் அது. சாம்பல் நிறங்கள் 15, 20, 45, 50, 60, 65, 92, 97 என்ற படிகளில் சமச்சீராக அமைந்திருப்பதால், இருண்ட வடிவத்தையும் வெளிர் வடிவத்தையும் ஒரே நிறத்தொகுதியிலிருந்து எடுக்க முடிகிறது. வண்ணங்கள் எட்டும் 50-க்கும் 60-க்கும் இடையிலேயே நிற்கின்றன. ஒன்று மட்டும் எகிறிக் குதித்துக் கண்ணைப் பறிக்காது. வடிவமைப்பாக இது ஒரு சாதனை. நிறங்களைக் கண்மதிப்பில் தூவாமல் கணக்கோடு அமைக்கலாம் என்று ஒரு தலைமுறைக்கே காட்டியது.

ஆனால் எண்களைப் பாருங்கள். இருண்ட சோலரைஸ்டில் பின்னணி 0, 43, 54. எழுத்து 131, 148, 150. கான்ட்ராஸ்ட் 4.75. வெளிர் வடிவத்தில் 4.1. கமெண்ட் வரிகளோ இருண்டதில் 2.8, வெளிரில் 2.5. பின்னணி ஆழமாகவே இருக்க, எழுத்து மங்கியிருக்கிறது. பிழைச் செய்திக்கான சிவப்பு (220, 50, 47) இருண்ட பின்னணியில் 3.2 மட்டுமே. அதாவது, உடனே கண்ணில் பட வேண்டிய பிழை, சாதாரண எழுத்தைவிட மங்கலாகத் தெரிகிறது. இந்தக் குறையை உணர்ந்து யான் வார்ஹோல் என்பவர் அதே கருத்தை எடுத்து, எழுத்தின் கான்ட்ராஸ்ட்டைக் கூட்டி, செலனைஸ்டு என்ற தொகுதியை உருவாக்கினார்.

க்ரூவ்பாக்ஸ் இந்தப் பாடத்தை ஒரே தீமுக்குள் வைத்துக் காட்டுகிறது. அதில் எழுத்தின் நிறம் 235, 219, 178 என்று நிலையாக இருக்க, பின்னணியை மட்டும் மூன்று படிகளில் மாற்றலாம். கடினம் 29, 32, 33; நடுத்தரம் 40, 40, 40; மென்மை 50, 48, 47. கான்ட்ராஸ்ட் முறையே 12, 10.7, 9.6. மூன்றையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். எழுத்தைத் தொடாமலேயே கூச்சம் படிப்படியாக இறங்குவது தெரியும். புதிதாகத் தொடங்குபவருக்கு இந்த மூன்றாவது படிதான் என் முதல் பரிந்துரை.

3. அறையின் வெளிச்சம் கணக்கில் வரும்

சூத்திரத்தில் கூட்டிய 0.05 எதற்கு? திரையில் பட்டுத் திரும்பும் அறை வெளிச்சத்துக்காக. எந்தத் திரையும் முழுக் கறுப்பைக் காட்டுவதில்லை. குழல்விளக்கும் ஜன்னலும் அதன் மேல் ஒரு சாம்பல் படலத்தை விரிக்கின்றன. வெளிச்சம் கூடினால் அந்த எண்ணும் கூடும்.

தோராயமாக ஒரு கணக்குப் போடுவோம். வெயில் உள்ளே வரும் அறையில் 0.05-க்குப் பதில் 0.15 என்று வையுங்கள். இருண்ட சோலரைஸ்டின் 4.75 சட்டென்று 2.5-க்கு விழுகிறது. வெளிர் சோலரைஸ்டு 4.1-இலிருந்து 3.2-க்கு இறங்குகிறது. ஜென்பர்ன் 7.6-இலிருந்து 4.3-க்கு வந்தாலும் படிக்கும்படியாகவே நிற்கிறது. இரவில் 'வெளிரைவிட இருண்டது தெளிவு' என்று தோன்றியது, பகலில் தலைகீழாகிவிடுகிறது.

இதிலிருந்து இரண்டு நடைமுறை முடிவுகள் கிடைக்கின்றன. பகல் வெளிச்சத்தில் வேலை செய்பவர் இருண்ட மங்கல் தீம் வைத்துக்கொண்டு திரையின் பிரைட்னஸைக் கூட்டிக்கொண்டே போவதில் பொருளில்லை. வெளிர் தீமுக்கு மாறுவதே தீர்வு. இரண்டாவது, பகலுக்கும் இரவுக்கும் ஒரே தீம் போதும் என்ற பிடிவாதம் வேண்டாம். இரண்டு தீம்களை நிறுவி, ஒரு விசைச் சேர்க்கையில் மாற்றிக்கொள்ளும்படி அமையுங்கள். இப்போதைய எடிட்டர்களில் பல, இயங்குதளத்தின் பகல்-இரவு அமைப்பைப் பின்பற்றித் தாமாகவே மாறும்.

நுணுக்கமான வாசிப்புக்கு வெளிர் பின்னணியில் கருத்த எழுத்தே கைகொடுக்கிறது என்பதற்குச் சான்றும் உண்டு. ஜெர்மனியின் டுசெல்டார்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், பார்வைக் கூர்மையிலும் பிழை திருத்தும் வேலையிலும் இளையோர், முதியோர் இரு தரப்பினருமே வெளிர் பின்னணியில் சிறப்பாகச் செய்தனர். வெளிச்சம் மிகும்போது கண்மணி சுருங்குகிறது. சுருங்கினால் பிம்பம் கூர்மையாகிறது. சிதறல் பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு இருண்ட திரையில் எழுத்தைச் சுற்றி ஒளி கசிவது போலத் தெரிவதும் இதனோடு சேர்ந்த விஷயம். உங்களுக்கு அப்படித் தெரிந்தால், ஜென்பர்ன் போல வெளுத்த சாம்பல் பின்னணி அல்லது வெளிர் தீம், இரண்டில் ஒன்று பொருந்தும்.

4. எதற்கு எவ்வளவு: பங்கீடு

கான்ட்ராஸ்ட்டை மாதச் சம்பளம் போல நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் அள்ளிக் கொடுத்தால் எதுவும் தனித்துத் தெரியாது. எல்லாவற்றிலும் இறுக்கிப் பிடித்தால் அன்றாடப் பாடே கஷ்டமாகும். முக்கியமானதற்கு முதலில் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில்தான் சிக்கனம்.

நான் கடைப்பிடிக்கும் ஒதுக்கீடு இது:

• சாதாரணக் குறிமுறை எழுத்து: 7-க்கு அருகில். ஆறுக்குக் கீழே போக வேண்டாம்.

• கமெண்ட்: 4.5. 'கமெண்ட் மங்கலாகத்தான் இருக்க வேண்டும்' என்ற பழக்கம், யாரும் கமெண்ட்டைப் படிப்பதில்லை என்ற எண்ணத்தில் வந்தது. அடுத்தவர் எழுதிய குறிமுறையில் முதலில் படிக்க வேண்டியதே அதுதான்.

• வண்ணங்கள் (சரங்கள், கீவேர்ட்கள், வகைகள், எண்கள்): 4.5-இலிருந்து 7 வரை. எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே வெளிச்ச அளவு, வெவ்வேறு சாயல். வண்ணங்கள் பெருகப் பெருகக் கண் அவற்றைப் பிரித்தறிவது கடினமாகிறது.

• வரி எண்கள்: 3. தேடும்போது கிடைத்தால் போதும்.

• இடைவெளிக் குறிகள், உள்தள்ளல் கோடுகள்: 1.5. இங்கேதான் தாராளமாக மங்கவைக்கலாம்.

• கர்சர், தேடலில் கிடைத்த சொல், பிழை: உங்களிடம் உள்ளதிலேயே அதிகம். இங்கே சிக்கனம் கூடவே கூடாது.

பிழையைக் காட்டச் சிவப்பு எழுத்தை மட்டும் நம்ப வேண்டாம். சிவப்புக்கு ஒளிர்வு குறைவு என்று பார்த்தோம். பிழையுள்ள இடத்தில் பின்னணியையே சிவப்பாக்கி, மேலே வெளிர் எழுத்தை வையுங்கள். சோலரைஸ்டின் அதே சிவப்பை நிரப்பி, அதன் மேல் அதே தொகுதியின் வெளிரான நிறத்தை (253, 246, 227) வைத்தால் கான்ட்ராஸ்ட் 3.2-இலிருந்து 4.3-க்கு ஏறுகிறது, பரப்பும் பெரிதாவதால் கண்ணுக்குத் தப்பாது.

நிறத்தை மட்டும் நம்பாமல் இருக்க இன்னொரு காரணமும் உண்டு. சிவப்பு-பச்சை பிரித்தறிவதில் சிரமம் உள்ளவர்கள் வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதவீதம் பேர். மற்ற மக்களிலும் குறிப்பிடத்தக்க அளவில் இருக்கிறார்கள். கிட் காட்டும் மாற்றங்களில் நீக்கிய வரி சிவப்பு, சேர்த்த வரி பச்சை. குறைந்த கான்ட்ராஸ்ட் தீமில் இரண்டின் வெளிச்சமும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால், சாயலைப் பிரிக்க முடியாதவருக்கு இரண்டும் ஒன்றே. கூட்டல், கழித்தல் குறிகளை மறைக்கும் அலங்கார அமைப்புகளைப் போடாதீர்கள்.

5. டெர்மினலின் 16 இடங்கள்

எடிட்டரில் ஒவ்வொரு கூறுக்கும் தனி நிறம் கொடுக்கலாம். டெர்மினலில் அப்படியில்லை. நிரல்கள் 'சிவப்பு கொடு', 'பளிச் பச்சை கொடு' என்று எண்ணைச் சொல்லிக் கேட்கின்றன. எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்பதை டெர்மினல் முடிவு செய்கிறது. 0 முதல் 7 வரை சாதாரண நிறங்கள். 8 முதல் 15 வரை அவற்றின் பளிச் வடிவங்கள்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. சோலரைஸ்டு தன் சாம்பல் நிறங்களில் பலவற்றைப் பளிச் இடங்களில் வைத்திருக்கிறது. 8-ஆம் இடத்தில், அதாவது பளிச் கறுப்பில், இருண்ட வடிவத்தின் பின்னணி நிறமே இருக்கிறது. அந்த எண்ணில் எழுதும் எந்த நிரலின் எழுத்தும் பின்னணியோடு கலந்து மறைந்துபோகும். இசட் ஷெல்லில் முந்தைய கட்டளைகளைப் பார்த்து மிச்சத்தைப் பரிந்துரைக்கும் ஆட்டோசஜெஷன்ஸ் நீட்சியின் இயல்பு நிறம் இந்த 8-தான். நிறுவிவிட்டு 'வேலை செய்யவில்லை' என்று மீண்டும் மீண்டும் நிறுவுபவர்கள் உண்டு. அது வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவே. பரிந்துரையின் நிறத்தை 10-க்கோ 12-க்கோ மாற்றினால் உடனே தெரியும்.

இரண்டாவது சிக்கல் தடித்த எழுத்து. 'தடித்த எழுத்தைப் பளிச் நிறத்தில் காட்டு' என்ற அமைப்பு பல டெர்மினல்களில் உண்டு. லினக்ஸில் எல்எஸ் கட்டளை அடைவுகளைத் தடித்த நீலத்திலும், இயக்கக்கூடிய கோப்புகளைத் தடித்த பச்சையிலும் காட்டும். அந்த அமைப்பு இயங்கினால், சோலரைஸ்டில் தடித்த நீலம் 12-ஆம் இடத்துக்குப் போய்ச் சாதாரண எழுத்தின் சாம்பலாகிறது. தடித்த பச்சை 10-ஆம் இடத்துக்குப் போய்க் கமெண்ட்டின் மங்கல் சாம்பலாகிறது. அந்த அமைப்பை அணைத்துவிடுங்கள். முதல் வேலையாக இதைச் செய்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மூன்றாவது, எடிட்டருக்கும் டெர்மினலுக்கும் இடையில் நிற்கும் டிமக்ஸ் என்ற நிரல். எடிட்டர் அனுப்பும் முழு நிறத் தகவலை டிமக்ஸோ டெர்மினலோ ஏற்காவிட்டால், நிறங்கள் 256 நிறப் பட்டியலில் அருகிலிருப்பதற்கு மாற்றப்படும். நீலப்பச்சை தட்டிய 0, 43, 54 அங்கே வெறும் சாம்பல் 28, 28, 28 ஆகிவிடும். குறைந்த கான்ட்ராஸ்ட் தீமில் நிறங்களுக்கிடையே தூரம் குறைவு. இந்த மாற்றத்தில் முதலில் பாதிக்கப்படுவது அதுதான். 'வீட்டில் ஒரு மாதிரி, சர்வரில் ஒரு மாதிரி தெரிகிறது' என்றால் முதலில் இதைச் சோதியுங்கள். கலர்டெர்ம் என்ற சூழல் மாறியில் ட்ரூகலர் என்ற மதிப்பு இருக்கிறதா, டிமக்ஸ் அமைப்பில் முழு நிற ஆதரவு இயக்கப்பட்டிருக்கிறதா, விம்மில் டெர்ம்-ஜியூஐ-கலர்ஸ் இயங்குகிறதா என்று வரிசையாகப் பாருங்கள்.

நான்காவது, கான்ட்ராஸ்ட்டைத் தானாகத் திருத்தும் வசதி. விஎஸ் கோடின் டெர்மினலில் குறைந்தபட்ச கான்ட்ராஸ்ட் அளவு இயல்பாகவே 4.5 என்று வைக்கப்பட்டிருக்கிறது. அதற்குக் கீழே போகும் எழுத்தின் நிறத்தை அது தானே மாற்றிவிடும். நீங்கள் தேர்ந்த நிறமும் திரையில் தெரியும் நிறமும் ஒத்துப்போகவில்லை என்றால் காரணம் இதுவாக இருக்கலாம். 1 என்று வைத்தால் அணைந்துவிடும். ஆனால் அணைக்கும் முன் யோசியுங்கள். தீம் கவனிக்காமல் விட்டதை அது கவனிக்கிறது. ஐடெர்ம்2, கோஸ்டி டெர்மினல்களிலும் இதேபோன்ற குறைந்தபட்ச அளவை அமைக்கலாம். யாரோ எழுதிய நிரல் எந்த நிறத்தைக் கேட்கும் என்று நமக்குத் தெரியாது என்பதால், டெர்மினலில் இதை 3-க்கு மேல் வைத்திருப்பது பாதுகாப்பு.

6. பிடித்த தீம், சின்னத் திருத்தம்

புதிதாக ஒரு தீம் எழுத வேண்டியதில்லை. பழகிய ஒன்றை எடுத்து, இரண்டு மூன்று நிறங்களை மாற்றினாலே போதும்.

ஜென்பர்ன்னில் கமெண்ட்டின் நிறம் 127, 159, 127, கான்ட்ராஸ்ட் 3.6. அதை 150, 182, 150 ஆக்குங்கள். சாயல் அதே இலைப்பச்சைதான், கான்ட்ராஸ்ட் 4.7 ஆகிவிடும். மற்ற எதையும் தொட வேண்டாம்.

இருண்ட சோலரைஸ்டில் சாதாரண எழுத்தை ஒரு படி ஏற்றுங்கள். அழுத்தத்துக்கென்று அந்தத் தொகுதி ஒதுக்கியிருக்கும் 147, 161, 161-ஐ எழுத்துக்குக் கொடுத்தால் 5.6 கிடைக்கும். நான்காம் பகுதியில் சொன்ன ஆறை இது எட்டாது. அந்தத் தொகுதிக்குள் அடுத்து இருப்பது 12-க்குத் தாவிவிடுகிறது என்பதால், மென்மையை இழக்காமல் போகக்கூடிய தூரம் இதுவே. முன்பு எழுத்துக்கு இருந்த 131, 148, 150 கமெண்ட்டுக்குப் போகட்டும், அதற்கு 4.75. இரண்டும் நெருக்கமாகத் தெரிந்தால் கமெண்ட்டைச் சாய்வெழுத்தாக்குங்கள். வெளிர் வடிவத்தில் எழுத்தை 88, 110, 117 ஆக்கினால் 4.1 என்பது 5 ஆகும்.

எங்கே மாற்றுவது? விஎஸ் கோடில் அமைப்புக் கோப்பிலுள்ள டோக்கன் கலர் கஸ்டமைசேஷன்ஸ் பகுதியில் தீம் பெயரைச் சொல்லி, அதன்கீழ் கமெண்ட்டின் நிறத்தை எழுதலாம். அந்தத் தீமுக்கு மட்டும் பொருந்தும். விம்மில் கமெண்ட் குழுவின் நிறத்தை மாற்றும் ஹைலைட் கட்டளையை நேரடியாக எழுதினால், பிறகு தீம் ஏற்றப்படும்போது அது அழிந்துவிடும். கலர்ஸ்கீம் நிகழ்வோடு இணைத்து எழுதுங்கள். ஒவ்வொரு முறை தீம் மாறும்போதும் உங்கள் திருத்தம் கடைசியாக வந்து உட்காரும். ஈமாக்ஸில் ஃபான்ட்-லாக் கமெண்ட் முகத்தைத் தனிப்பயனாக்கினால் போதும்.

7. திரையில் தமிழ் எழுதுபவர்களுக்கு

கமெண்ட்டிலும் செய்திச் சரங்களிலும் மொழிபெயர்ப்புக் கோப்புகளிலும் தமிழ் எழுதுபவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். குறிமுறைக்கென்று வடிவமைத்த சம அகல எழுத்துருக்களில் பெரும்பாலானவற்றில் தமிழ் இல்லை. இயங்குதளம் தன்னிடமுள்ள வேறொரு தமிழ் எழுத்துருவை எடுத்து அந்த இடத்தை நிரப்பும். அதன் கோடுகள் அருகிலுள்ள ஆங்கில எழுத்தைவிட மெல்லியதாக இருந்தால், அதே நிறம் தமிழில் இன்னும் மங்கித் தெரியும்.

முதலில் காணாமல் போவது புள்ளி. 'அவன் படித்தான்' என்ற சரத்தில் மூன்று புள்ளிகள் இருக்கின்றன. 12 புள்ளி அளவு எழுத்தில், 2.8 கான்ட்ராஸ்ட்டில், ஒரு புள்ளி விடுபட்டிருந்தாலும் கண்ணுக்குத் தட்டுப்படாது; அச்சேறிய பிறகோ செயலி வெளியான பிறகோதான் தெரியும். துணைக்காலும் ரகரமும் மயங்குவதும் இதே சூழலில்தான். ஆகவே தமிழ் இருக்கும் சரங்களுக்கும் கமெண்ட்டுக்கும் 6-க்குக் குறையாமல் கொடுங்கள். எழுத்தின் அளவை ஒன்றிரண்டு புள்ளி கூட்டுங்கள். மேலே புள்ளியும் இகர வளைவும் கீழே உகர வளைவும் முட்டிக்கொள்ளாமல் வரி இடைவெளியையும் கூட்டுங்கள். டெர்மினல் ஒவ்வோர் எழுத்தையும் கட்டத்துக்குள் அடைப்பதால் உயிர்மெய்கள் வெட்டுப்படும். தமிழ்ப் பிழை திருத்தும் வேலையை டெர்மினலில் செய்யாமல், எடிட்டரின் ஜன்னலில், வெளிர் தீமில் செய்யுங்கள்.

8. சோதித்துப் பார்த்து முடிவு செய்வது

தீம் அமைத்த அன்றே முடிவுக்கு வர வேண்டாம். சோதனைக்கு உங்கள் சொந்தக் கோப்பைத் திறங்கள். தீமோடு வரும் மாதிரிக் கோப்பு எப்போதும் அழகாகத்தான் இருக்கும். நீளமான கமெண்ட், பிழையுள்ள வரி, தேடலில் கிடைத்த சொல், தேர்வு செய்த பகுதி ஆகிய நான்கும் ஒரே திரையில் இருக்கட்டும். டெர்மினலில் எல்எஸ் பட்டியல், கிட் மாற்றங்கள், ஒரு கையேட்டுப் பக்கம் மூன்றையும் பாருங்கள்.

பிறகு திரையைச் சாம்பலாக்குங்கள். விண்டோஸிலும் மேக்கிலும் அணுகல்தன்மைப் பகுதியில் நிற வடிகட்டிகள் உண்டு. அதில் கிரேஸ்கேல் தேர்ந்தெடுத்தால் சாயல் எல்லாம் போய் வெளிச்சம் மட்டும் மிஞ்சும். அந்தத் திரையிலும் கர்சரும் பிழையும் தேடல் சொல்லும் உடனே தெரிந்தால் உங்கள் பங்கீடு சரி. தெரியாவிட்டால் அவை சாயலை மட்டும் நம்பி நிற்கின்றன, திருத்துங்கள்.

கடைசியாக, நடுப்பகலிலும், விளக்கைக் குறைத்த இரவிலும் பாருங்கள். இரவில் நீல ஒளியைக் குறைக்கும் வசதி இயங்குகிறதென்றால் அதையும் போட்டுப் பாருங்கள். நீலமும் ஊதாவும் முதலில் அடிவாங்கும்.

9. எங்கே இந்தத் தீம் கூடாது

புரொஜெக்டரில் காட்டும்போது கூடாது. சுவரில் விழும் அறை வெளிச்சம் இருண்ட பின்னணியைச் சாம்பலாக்கிவிடும். பின்வரிசையில் இருப்பவருக்கு எதுவும் தெரியாது. வெளிர் பின்னணி, கருத்த எழுத்து, பெரிய அளவு என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

வீடியோ அழைப்பில் திரையைப் பகிரும்போதும் கூடாது. வீடியோவைச் சுருக்கும் முறைகள் வெளிச்சத் தகவலை முழுதாக வைத்து, நிறத் தகவலைக் குறைந்த துல்லியத்தில் அனுப்புவது வழக்கம். நிற வேறுபாட்டை மட்டும் நம்பியிருக்கும் மெல்லிய எழுத்து மறுமுனையில் கலங்கித் தெரியும்.

பார்வை மிகவும் குறைந்தவர்கள் இந்த வழிக்கே வர வேண்டியதில்லை. புரோட்டெசிலாவோஸ் ஸ்டாவ்ரூ உருவாக்கிய மோடஸ் தீம்கள் எழுத்துக்கு 7 என்ற தரத்தை இலக்காக வைத்து அமைக்கப்பட்டவை. ஈமாக்ஸ் 28-இலிருந்து அதனுடனேயே வருகின்றன. உயர் கான்ட்ராஸ்ட்டும் பார்த்துப் பார்த்துச் செய்தால் அழகாக இருக்கும் என்பதற்கு அவை சாட்சி.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பது குறைகிறது; கண் எரிச்சலுக்கு அதுவும் பெரிய காரணம். அதை எந்த நிறத்தாலும் தீர்க்க முடியாது. இடையிடையே தூரத்தில் பார்ப்பதும் எழுந்து நடப்பதும்தான் மருந்து. தலைவலியோ மங்கல் பார்வையோ தொடர்ந்தால் கண் மருத்துவரிடம் போங்கள். வேறு தீம் தேடிப் போகாதீர்கள்.

சரிபார்ப்புப் பட்டியல்

1. பின்னணி சுத்தக் கறுப்பும் இல்லை, சுத்த வெள்ளையும் இல்லை.

2. சாதாரண எழுத்து 7-ஐ ஒட்டி நிற்கிறது, கமெண்ட் 4.5-க்குக் கீழே இல்லை. தமிழ் இருக்கும் இடத்தில் 6.

3. பிழை, கர்சர், தேடல் சொல் மூன்றும் சாம்பல் திரையிலும் தெரிகின்றன.

4. டெர்மினலின் 8-ஆம் நிறம் பின்னணியோடு கலக்கவில்லை. தடித்த எழுத்தைப் பளிச்சாக்கும் அமைப்பு அணைக்கப்பட்டிருக்கிறது.

5. டெர்மினல், டிமக்ஸ், எடிட்டர் மூன்றிலும் முழு நிற ஆதரவு இயங்குகிறது.

6. பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று, ஒரே விசையில் மாறுகிறது.

7. கூச்சம் இன்னும் இருக்கிறதென்றால் முதலில் திரையின் பிரைட்னஸைக் குறையுங்கள், அடுத்துப் பின்னணியைச் சற்று வெளுக்க வையுங்கள். எழுத்தின் நிறத்தில் கைவைப்பது எல்லாவற்றுக்கும் கடைசி.